கம்பெனி கார்டு இல்லாத பல்லும் கண்ணும்: அமெரிக்காவில் தனியாகக் காப்பீடு எடுக்கும் வழி

கிருஷ்ண ஜெயந்திக்கு வீட்டில் செய்த சீடை. கடித்ததும் வலது கீழ்க் கடைவாய்ப் பக்கம் 'டக்' என்று சத்தம் கேட்டது. சீடைதான் உடைந்தது என்று நினைத்தேன். நிரந்தர வேலையை விட்டு 1099 காண்ட்ராக்டுக்கு (கம்பெனிச் சலுகை இல்லாத ஒப்பந்த வேலைக்கு) மாறி அப்போது நான்கு மாதம். மருத்துவக் காப்பீட்டை ஞாபகமாக வாங்கியிருந்தேன், பல்லை மறந்துவிட்டேன். அன்றிரவே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்து, 'நாளை முதல் அமல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு பல் திட்டத்தை வாங்கினேன். சொன்னபடியே மறுநாள் அமலுக்கு வந்தது, பல் சுத்தம் செய்வதற்கு மட்டும். கிரவுன் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை) போட 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்ற வரி பதினோராம் பக்கத்தில் இருந்தது. தப்பு அவர்களுடையது என்று சொல்ல முடியாது. எழுதித்தான் வைத்திருந்தார்கள், படிக்காமல் விட்டது நான்.

கன்சல்டன்சி வழியாக மணிக்கூலியில் வேலை பார்ப்பவர்கள், வேலை போய்த் தேடிக்கொண்டிருப்பவர்கள், சொந்தமாகத் தொழில் செய்பவர்கள், 65க்கு முன்னே ஓய்வு பெற்றவர்கள் என்று அமெரிக்காவில் வேலை தரும் கம்பெனியின் காப்பீட்டு கார்டு இல்லாத எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: பல் காப்பீடு மருத்துவக் காப்பீட்டுக்குத் தலைகீழ். மருத்துவக் காப்பீட்டில் உங்கள் செலவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் மீதியைக் காப்பீட்டுக் கம்பெனி கட்டும். பல் காப்பீட்டில் உச்சவரம்பு அவர்கள் செலவுக்கு. பெரும்பாலும் ஆண்டுக்கு 1000, 1500, 2000 டாலர் வரை கொடுப்பார்கள். அதற்கு மேல் எவ்வளவு ஆனாலும் உங்கள் பாடு. ஆக, எதிர்பாராமல் பெரிய செலவு வந்தால் காப்பாற்றும் என்று நம்பி இதை வாங்கினால் ஏமாற்றம்தான். தள்ளுபடிச் சீட்டும் கொஞ்சம் பணமும் சேர்ந்த ஒரு கட்டு என்று நினைத்துக்கொண்டு வாங்குங்கள், கணக்கு சரியாக வரும்.

வாயை மட்டும் உடம்பிலிருந்து பிரித்து வைத்தது யார் என்று எரிச்சலோடு கேட்பவர்களுக்கு: உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840ல் பால்டிமோரில், மருத்துவக் கல்லூரியோடு சேராமல் தனியாகத் தொடங்கியது. படிப்பு பிரிந்தது, தொழில் பிரிந்தது, பின்னால் வந்த காப்பீடும் பிரிந்தே வந்தது. அதனால் சட்டப் பாதுகாப்பும் இங்கே குறைவு. மருத்துவக் காப்பீட்டில் பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதத்தைச் சிகிச்சைக்குச் செலவிட வேண்டும் என்ற மத்திய விதி பல் திட்டங்களுக்குக் கிடையாது. மாசசூசெட்ஸ் மக்கள் 2022ல் வாக்களித்து, தங்கள் மாநிலத்துக்கு மட்டும் அதை 83 சதவீதம் என்று சட்டமாக்கிக்கொண்டார்கள்.

முதல் வேலை: ஏற்கெனவே எங்காவது இருக்கிறதா?

புதுத் திட்டம் தேடுமுன் கையில் இருப்பதைப் பாருங்கள். கணவர் அல்லது மனைவியின் கம்பெனித் திட்டத்தில் சேர முடியுமா? காப்பீடு இழந்த நாளிலிருந்து வழக்கமாக 30 நாள்தான் அவகாசம். 19 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பல்லும் கண்ணும் அத்தியாவசியப் பலன்கள் என்று மத்திய சுகாதாரச் சட்டமே சொல்கிறது. தனிநபர்கள் காப்பீடு வாங்கும் அரசுச் சந்தையான மார்க்கெட்பிளேஸில் நீங்கள் வாங்கிய மருத்துவத் திட்டத்திலேயே பிள்ளைகளின் கண்ணாடி அடங்கியிருக்கும். பல் சில திட்டங்களில் சேர்ந்து வரும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டியிருக்கும். இதைப் பார்க்காமல் இரண்டு தடவை பணம் கட்டும் குடும்பங்கள் உண்டு.

அடுத்தது கோப்ரா என்ற சட்டம். வேலையை விட்டவர்கள் பழைய கம்பெனித் திட்டத்தையே வழக்கமாக 18 மாதம் வரை சொந்தக் காசில் தொடரலாம். 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனமாக இருக்க வேண்டும், முடிவு சொல்ல 60 நாள் தருவார்கள். நம்மவர்கள் செய்வது என்ன? தபாலில் வரும் கோப்ராக் கடிதத்தில் குடும்ப மருத்துவக் காப்பீட்டின் விலையைப் பார்த்து மிரண்டு, கடிதத்தை அப்படியே குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அதே கடிதத்தின் கீழ்ப் பாதியில் பல்லுக்கும் கண்ணுக்கும் தனித்தனி விலை இருக்கும். அவை தனித் திட்டங்களாக இருந்தால், மருத்துவத்தை விட்டுவிட்டுப் பல்லை மட்டும் எடுக்கலாம். குழுத் திட்டம் என்பதால் விலை மலிவு. அதைவிட முக்கியம், காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்காது. பாதியில் நிற்கும் ரூட் கனாலோ, டாக்டர் போன முறை எச்சரித்த கிரவுனோ இருந்தால் கடையில் கிடைக்கும் எந்தத் திட்டமும் இதற்கு ஈடாகாது. எனக்கும் அந்தக் கடிதம் வந்திருந்தது. அது எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

65 வயதானவர்களுக்கு அரசு தரும் காப்பீடான மெடிக்கேரில் இருக்கும் பெற்றோருக்கு: ஒரிஜினல் மெடிக்கேர் வழக்கமான பல் சிகிச்சையையும் கண்ணாடியையும் ஏற்காது. கண்புரை அறுவைக்குப் பின் ஒரு ஜோடி கண்ணாடி மட்டும் விதிவிலக்கு. தனியார் கம்பெனிகள் வழி வரும் பல மெடிக்கேர் அட்வான்டேஜ் திட்டங்களில் இரண்டும் ஓரளவு சேர்ந்து வரும். விசிட்டர் விசாவில் வந்த பெற்றோருக்கு எடுக்கும் பயணக் காப்பீட்டில் பல் என்று போட்டிருப்பது, பெரும்பாலும் திடீர் வலிக்கு ஒரு சிறு தொகை. கிளம்புமுன் ஊரிலேயே பல்லைக் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

திட்டத்துக்கு முன் உங்கள் வாய்

திட்டங்களை ஒப்பிடுவதற்கு முன் ஒரு பல் டாக்டரிடம் காசு கொடுத்தே போய், முழுப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துக்கொள்வது நல்லது. வரும்போது 'டிரீட்மென்ட் பிளான்' என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வேலைக்கும் 'டி' என்று தொடங்கும் நான்கு இலக்கக் குறியீடு அதில் இருக்கும். டி1110 என்றால் பெரியவர்களுக்கான பல் சுத்தம். டி2740 பீங்கான் கிரவுன். டி3330 கடைவாய்ப்பல் ரூட் கனால். டி6010 இம்பிளான்ட், அதாவது பல் போன இடத்தில் எலும்பில் திருகு வைப்பது. அமெரிக்காவில் எந்த ஊரில் எந்த டாக்டர் எழுதினாலும் குறியீடு ஒன்றே. விலை கேட்கும்போது "கேப் போட எவ்வளவு" என்று கேட்காமல் குறியீட்டைச் சொல்லிக் கேட்டால், கிளினிக்கானாலும் காப்பீட்டுக் கம்பெனியானாலும் பதில் மழுப்பலாக வராது.

டி4341 என்ற குறியீடு நான்கு தடவை வந்திருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். இது ஈறுக்கடியில் செய்யும் ஆழ்ந்த சுத்தம், வாயை நான்கு பகுதியாகப் பிரித்து நான்கு பில். ஊரில் வலித்தால் மட்டும் டாக்டரிடம் போய்ப் பழகியவர்கள் இங்கே முதல் தடவை போகும்போது அடிக்கடி கேட்கும் பரிந்துரை இது. பலருக்கு உண்மையிலேயே தேவைப்படும், சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகமாகவே. ஆனாலும் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறுப் பை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்த சார்ட்டைக் கேளுங்கள். 4க்குக் கீழேயே எல்லா எண்ணும் இருந்தால் இன்னொரு டாக்டரையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இனி நெட்வொர்க், அதாவது திட்டத்தோடு விலை ஒப்பந்தம் செய்துகொண்ட டாக்டர்களின் வட்டம். வரவேற்பு மேசையில் "உங்கள் இன்ஷூரன்ஸை அக்செப்ட் பண்ணுவோம்" என்பார்கள். அதற்கு அர்த்தம் 'உங்கள் சார்பில் கிளெயிம் அனுப்புவோம்' என்பது மட்டும்தான். கேட்க வேண்டிய கேள்வி: "இந்தத் திட்டத்துக்கு நீங்கள் இன்-நெட்வொர்க்கா?" திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். டெல்டா டென்டல் என்ற பல் காப்பீட்டுக் கம்பெனியையே எடுத்துக்கொண்டால் பிபிஓ என்று ஒரு நெட்வொர்க், பிரீமியர் என்று இன்னொன்று. ஒன்றில் இருக்கும் டாக்டர் மற்றதில் இல்லாமல் இருக்கலாம், கட்டணமும் மாறும். நெட்வொர்க்குக்கு வெளியே போனால் கம்பெனி தன் கணக்குப்படி ஒரு தொகையைக் கொடுக்கும், மீதியை டாக்டர் உங்களிடம் கேட்பார். மருத்துவத்தில் 2022 முதல் அமலில் உள்ள 'திடீர் பில்' தடைச் சட்டம் தனிப் பல் திட்டங்களுக்கு உதவிக்கு வராது.

தாளில் எங்கே பார்ப்பது

விளம்பரத்தில் '100-80-50' என்று இருக்கும். பரிசோதனை, சுத்தம், எக்ஸ்ரே முழுவதும் அவர்கள். சொத்தை அடைப்பது போன்ற சாதாரண வேலைக்கு 80 சதவீதம். கிரவுன், பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்) போன்ற பெரிய வேலைக்கு 50 சதவீதம். ரூட் கனாலை எந்தப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு திட்டத்தில் 80, இன்னொன்றில் 50, அந்த ஒரு வரியிலேயே பல நூறு டாலர் மாறும்.

காத்திருப்புக் காலம் பெரிய வேலைக்குப் பெரும்பாலும் 12 மாதம், சாதாரண வேலைக்கு 6 மாதம். முன்பு வேறு பல் காப்பீடு இடைவெளியின்றி இருந்தது என்று கடிதம் காட்டினால் சில கம்பெனிகள் இதைத் தளர்த்தும். 'காத்திருப்பே இல்லை' என்று சொல்லும் திட்டங்கள் முதல் வருடம் பெரிய வேலைக்கு 10, 20 சதவீதம் மட்டும் கொடுத்து அதே இடத்துக்கு வேறு வழியில் வந்துவிடுகின்றன.

ஊரிலிருந்து வந்தவர்கள் கட்டாயம் தேட வேண்டிய வரி, மிஸ்ஸிங் டூத் கிளாஸ் (Missing Tooth Clause). திட்டம் தொடங்குமுன்பே விழுந்துவிட்ட, பிடுங்கிவிட்ட பல்லுக்குப் பதில் வைக்கும் பிரிட்ஜுக்கோ இம்பிளான்ட்டுக்கோ பணம் கிடையாது என்று சொல்லும் விதி அது. பத்து வருடம் முன்பு மதுரையில் பிடுங்கிய பல்லின் இடத்தை இங்கே காப்பீட்டில் நிரப்பலாம் என்று நினைத்து, ஒரு வருடம் பிரீமியம் கட்டிக் காத்திருந்த நண்பர் எனக்கு உண்டு. இம்பிளான்ட்டையே ஏற்காத திட்டங்களும் இருக்கின்றன.

மற்றவை சிறு விஷயங்கள். பின்பல்லில் பல் நிறத்தில் அடைத்தால், வெள்ளி நிற அடைப்பின் விலைக்குத்தான் பணம் தருவோம் என்பார்கள். ஒரே பல்லுக்கு மறுபடி கிரவுன் போட 5 வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். பெரியவர்களுக்குப் பல்வரிசை நேராக்கும் கம்பிக்குத் தனித் திட்டங்களில் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது.

பென்சில் கணக்கு

இங்கே நான் இருக்கும் இடத்தின் விலையை ஒட்டி ஓர் உதாரணம். பிரீமியம் மாதம் 45, வருடம் 540 டாலர். ஆண்டு வரம்பு 1000, டிடக்டிபிள் (முதலில் நீங்கள் கட்ட வேண்டிய தொகை) 50, பெரிய வேலைக்கு 50 சதவீதம், ரூட் கனாலும் அதில் சேர்ந்தது. வருடத்தில் இரண்டு சுத்தம், பரிசோதனை, எக்ஸ்ரே. கூடவே ஒரு கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கனாலும் கிரவுனும்.

காப்பீடே இல்லாமல்: சுத்தமும் மற்றதும் 420, பல் வேலை 3000, மொத்தம் 3420.

காப்பீட்டோடு, காத்திருப்பு முடிந்த பின்: நெட்வொர்க் விலையில் சுத்தமும் மற்றதும் 250, அதைக் கம்பெனி கட்டிவிடும். ஆனால் அந்த 250 ஆண்டு வரம்பில் கழிந்துவிடும், மீதி 750. பல் வேலையின் நெட்வொர்க் விலை 2050. டிடக்டிபிள் 50 போக 2000. அதில் பாதி 1000 வர வேண்டும், வரம்பில் இருப்பதோ 750. ஆக, உங்கள் கையிலிருந்து 1300, பிரீமியம் 540, மொத்தம் 1840.

மிச்சம் 1580 டாலர் என்று சந்தோஷப்படலாம். ஆனால் அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பாருங்கள். கம்பெனி கொடுத்தது 1000, நீங்கள் கட்டியது 540, நிகரம் வெறும் 460. பாக்கி 1120ம் நெட்வொர்க் தள்ளுபடி. தள்ளுபடி மட்டும்தான் வேண்டும் என்றால் அதற்கு வேறு கடை இருக்கிறது.

டென்டல் டிஸ்கவுன்ட் திட்டம் என்று விற்பார்கள். காப்பீடு அல்ல, வருடச் சந்தா கட்டினால் குறைந்த விலைப் பட்டியல் கிடைக்கும், காத்திருப்பு கிடையாது, வரம்பு கிடையாது. பல கிளினிக்குகளே சொந்தமாக உறுப்பினர் சந்தா வைத்திருக்கின்றன: வருடம் இவ்வளவு கட்டினால் இரண்டு சுத்தம் இலவசம், மற்ற வேலைக்கு இத்தனை சதவீதம் குறைவு என்று. இதை வெளியே எழுதி ஒட்ட மாட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். சீடை உடைத்த என் பல்லுக்குக் கடைசியில் கிரவுன் போட்டது இப்படித்தான். நாளைக்கே வேலை ஆக வேண்டும், காப்பீடு இல்லை என்றால் இதைத்தான் முதலில் கேட்பேன். நேரம் இருப்பவர்களுக்குப் பல் மருத்துவக் கல்லூரிகள். நியூயார்க் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மாணவர்கள் செய்வார்கள், ஆசிரியர்கள் மேற்பார்ப்பார்கள், கட்டணம் குறைவு, ஆனால் ஒரு வேலைக்கு மூன்று நான்கு தடவை போக வேண்டியிருக்கும்.

கலிபோர்னியா, டெக்சாஸ், புளோரிடா பக்கம் டிஹெச்எம்ஓ வகைத் திட்டங்கள் அதிகம். பிரீமியம் மலிவு, பெரும்பாலும் காத்திருப்பும் வரம்பும் இல்லை, ஒவ்வொரு குறியீட்டுக்கும் நீங்கள் கட்ட வேண்டிய தொகை பட்டியலாகவே வரும். ஆனால் அவர்கள் பட்டியலில் உள்ள ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுத்து அவரிடமே போக வேண்டும். வாங்குமுன் அந்த டாக்டருக்கு போன் போட்டுப் புது நோயாளிக்கு எப்போது அப்பாயின்ட்மென்ட் என்று கேளுங்கள். மூன்று மாதம் கழித்து என்றால் மலிவு விலையின் ரகசியம் புரிந்துவிடும்.

"ஊருக்குப் போகும்போது பார்த்துக்கலாம்" என்பதும் ஒரு திட்டம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ரூட் கனாலும் கிரவுனும் மூன்று வார லீவில் சென்னையில் முடிந்துவிடும். இம்பிளான்ட் அப்படியல்ல. திருகு எலும்போடு பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், இரண்டு பயணம் வேண்டும். எந்த பிராண்ட், எந்த அளவு என்ற சீட்டை வாங்கி வராவிட்டால் இங்குள்ள டாக்டர் பின்னால் கைவைக்கத் தயங்குவார்.

கண்

பல்லுக்குச் சொன்ன கவலை கண்ணுக்கு வேண்டாம். கண் காப்பீட்டில் பெரிய ஆபத்தும் இல்லை, பெரிய லாபமும் இல்லை. மாதம் 15 டாலர் அளவில் கட்டினால், வருடம் ஒரு பரிசோதனைக்குச் சிறு கோபே (உங்கள் பங்குத் தொகை), பிரேமுக்கு 150 போல ஒரு தொகை, சாதாரண லென்ஸ். கான்டாக்ட் லென்ஸ் எடுத்தால் அந்த வருடம் கண்ணாடிக்குப் பெரும்பாலும் பணம் வராது. தனி ஆளாக, ஒரே பவரில் வருடக்கணக்காக இருப்பவர்கள் இதை வாங்காமல் இருப்பதே மேல் என்பது என் எண்ணம். பிராகிரசிவ் லென்ஸ் (தூரத்துக்கும் படிக்கவும் ஒரே கண்ணாடி) போடுபவர்கள், ஒவ்வொரு வருடமும் பவர் ஏறும் பிள்ளைகள் இரண்டு பேர் உள்ள வீடு என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிராகிரசிவுக்கும் பூச்சுக்கும் நீங்கள் கூடுதலாக எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத் திட்டத்தின் பட்டியலில் பாருங்கள், செலவு அங்கேதான்.

கடை எதில் சேர்ந்தது என்பதையும் கவனியுங்கள். ஐமெட் என்ற கண் காப்பீட்டுத் திட்டமும் லென்ஸ்கிராஃப்டர்ஸ் கடையும் ரேபான் பிரேமும் எஸ்ஸிலோர்லக்சாட்டிகா என்ற ஒரே குழுமத்தின் சொத்து. 150 டாலர் தருகிறேன் என்பவரும் 280 டாலர் பிரேம் விற்பவரும் ஒரே வீட்டார் என்றால் அந்த 150ன் மதிப்பை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கண் நோய்க்கு இந்தத் திட்டம் வேண்டியதே இல்லை. சர்க்கரை உள்ளவர்களின் வருடாந்திர விழித்திரைப் பரிசோதனை, கண் அழுத்த நோய், கண் சிவந்து வலிப்பது எல்லாம் மருத்துவக் காப்பீட்டின் பொறுப்பு. போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே "எனக்குச் சர்க்கரை, அதற்கான பரிசோதனை" என்று சொல்லுங்கள். "கண்ணாடிக்குப் பவர் பார்க்க" என்று சொல்லிவிட்டால் பில் வேறு பக்கம் போய்விடும்.

பரிசோதனை முடிந்ததும், நீங்கள் கேட்காவிட்டாலும், பவர் சீட்டை இலவசமாகக் கையில் கொடுக்க வேண்டும் என்பது மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி. அங்கேயே கண்ணாடி வாங்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அந்தச் சீட்டோடு ஆன்லைனிலோ, ஊருக்குப் போகும்போது தெருமுனைக் கடையிலோ வாங்கலாம். இரு கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரத்தைச் சீட்டில் எழுதித் தர மத்திய விதி கட்டாயப்படுத்தவில்லை. நயமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஆன்லைனில் வாங்க அது இல்லாமல் முடியாது.

எங்கே, எப்போது

மார்க்கெட்பிளேஸின் ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் பல் திட்டம் வாங்க வேண்டுமானால் மருத்துவத் திட்டமும் அங்கேயே எடுக்க வேண்டும். நவம்பர் 1 முதல் தொடங்கும் சேர்க்கைக் காலத்தில்தான் பெரும்பாலும் முடியும், பெரியவர்களின் பல் திட்டத்துக்கு மானியமும் இல்லை. தனிக் கண் திட்டம் அங்கே விற்பதில்லை. காப்பீட்டுக் கம்பெனிகளிடம் நேரடியாகப் பல், கண் இரண்டையும் வருடம் முழுக்க வாங்கலாம்.

வரியில் இரண்டு விஷயம். சொந்தத் தொழிலில் லாபம் காட்டுபவர்கள், தங்களுக்கோ துணைக்கோ வேறு கம்பெனித் திட்டத்தில் சேர வழி இல்லாத மாதங்களுக்கு, பல் பிரீமியத்தையும் வருமானத்தில் கழிக்கலாம். ஹெச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு) பணத்தைப் பல் பில்லுக்கும் கண்ணாடிக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மாதப் பிரீமியத்துக்கு, கோப்ரா போன்ற சில சந்தர்ப்பங்கள் தவிர, முடியாது.

வாங்கிய பிறகு, பெரிய வேலைக்கு முன்னால் 'பிரீ-டிட்டர்மினேஷன்' அனுப்பச் சொல்லுங்கள். எவ்வளவு தருவோம் என்று கம்பெனி எழுத்தில் சொல்லும். இரண்டு கிரவுன் வேண்டும், டாக்டரும் அவசரமில்லை என்கிறார் என்றால், ஒன்றை டிசம்பரிலும் மற்றதை ஜனவரியிலும் வையுங்கள். பெரும்பாலான திட்டங்களின் ஆண்டு வரம்பு ஜனவரி 1ல் புதுப்பிக்கும். சிலவற்றில் நீங்கள் சேர்ந்த மாதத்திலிருந்து கணக்கு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். புது வேலை கிடைத்துத் தனித் திட்டத்தை ரத்து செய்யும் நாளில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை காப்பீடு இருந்தது என்று ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். புதுக் கம்பெனியின் பல் திட்டத்திலும் காத்திருப்புக் காலம் இருந்தால், மனிதவளத்துறை கேட்பது அந்த ஒற்றைத் தாளைத்தான்.